எக்ஸ்போர்ட் முடிந்தும் டிஸ்க் காலியாகவில்லையா? வீடியோ வேலை விட்டுச்செல்லும் தற்காலிக ஃபைல்களை நீக்கி இடத்தை மீட்க முழுமையான வழிகாட்டி

சென்ற வருடம் ஒரு கல்யாண வீடியோ. இரண்டு மணி நேரப் படம், எக்ஸ்போர்ட் ஆனால், அதாவது எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக எழுதினால், 18 ஜிபி வரும். டிரைவில் 45 ஜிபி காலி இருந்தது. தாராளம் என்று நினைத்து எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி பழையது, ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் பெயரை மாற்றி மறுபடி போட்டேன். 99 சதவீதம் வரை போய், டிஸ்கில் இடமில்லை என்று நின்றது. மூன்றாம் முறை, மூன்றில் இரண்டு பங்கிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பெண் வீட்டார் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில் ஒரு பழைய கல்யாணத்தின் ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்த மூலப்பதிவு) ஃபோல்டர் மேல் மவுஸ் போய் நின்றது. நல்லவேளை, அழுத்துவதற்கு முன்னால் எக்ஸ்போர்ட் போகும் ஃபோல்டரைத் திறந்து அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். மேலே மூன்று ஃபைல்கள்: 18 ஜிபி, 15 ஜிபி, 12 ஜிபி. மூன்றும் நான் வைத்த பெயரில்தான் தொடங்கின. ஆனால் பெயரின் கடைசியில் எம்பி4 இல்லை, எம்4வி இருந்தது. 15 ஜிபி ஃபைலில் இருந்த நேரம் இரவு 8.42, கரண்ட் போன அதே நிமிடம். மூன்றையும் கூட்டினால் 45 ஜிபி. காணாமல் போன இடம் முழுவதும் கண் முன்னால் கிடந்தது.

அதிலிருந்து எத்தனையோ நண்பர்களின் கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான். எந்த ஃபைலை நீக்கும் முன்பும், "இது போனால் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி உண்டாக்கிக்கொள்ளுமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் போகட்டும். கேமராவிலிருந்தோ மைக்கிலிருந்தோ உங்கள் கையிலிருந்தோ வந்தது என்றால், டிஸ்கில் ஒரு எம்பிகூட மிச்சமில்லாவிட்டாலும் அதைத் தொடாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதலில் இடம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்

எச்.264 என்ற சுருக்கும் முறையில் எக்ஸ்போர்ட் செய்யும்போது படத்தை ஒரு ஃபைலாகவும் ஒலியை இன்னொரு ஃபைலாகவும் எழுதி, கடைசியில் இரண்டையும் சேர்த்து எம்பி4 ஆக்குவது பல சாஃப்ட்வேர்களின் வழக்கம். சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களில் பழையதும் புதியதும் சேர்ந்தே டிஸ்கில் இருக்கும். அதனால்தான் 18 ஜிபி படத்துக்கு 36 ஜிபி காலி தேவைப்பட்டது. இரண்டாம் முறை 99 சதவீதத்தில் நின்றதும் அதனால்தான். வேலை ஒழுங்காக முடிந்தால் இடையில் எழுதியவற்றை சாஃப்ட்வேரே நீக்கிவிடும். கரண்ட் போனாலோ, பாதியில் மூடிவிட்டாலோ, கம்ப்யூட்டர் உறைந்தாலோ அவற்றை நீக்க ஆளில்லை. தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் அடுத்த முயற்சியின் இடத்தையும் தின்றுவிடும்.

இன்னொரு வகை, எடிட்டிங் சுலபமாக நடக்கட்டும் என்று எழுதப்படும் கேஷ். அடோபியின் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் புரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஃபைலில் ஒலி சுருக்கிய வடிவத்தில் இருந்தால், அதை விரித்து சிஎஃப்ஏ என்று முடியும் ஃபைலாக எழுதி வைத்துக்கொள்ளும். நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 4 பைட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. நான்கு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒலிக்கு மட்டும் 33 ஜிபி. ஒரு முகூர்த்த மாதத்தில் ஐந்து கல்யாணம் எடிட் செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, நாமே இடையில் உண்டாக்கி மறந்துபோகும் ஃபைல்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1920க்கு 1080 அளவில், 8 பிட் 4:2:2 (நிற விவரத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கும் முறை) படத்தைச் சுருக்காமல் எழுதினால் ஒரு ஃப்ரேமுக்கு 4 எம்பிக்கு மேல். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 6.2 ஜிபி. அதே அளவில் ஆப்பிளின் புரோரெஸ் 422 என்ற எடிட்டிங் வடிவம் என்றால் மணிக்கு 55 ஜிபி. "சும்மா சோதித்துப் பார்ப்போம்" என்று எழுதிய பத்து நிமிட ஏவிஐ வீடியோ ஃபைல் ஒன்று 62 ஜிபியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு ஃபோல்டரில் வருடக்கணக்கில் கிடப்பதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் மூடுங்கள்

எடிட்டிங் சாஃப்ட்வேர், என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் சாஃப்ட்வேர்), பிளேயர் எல்லாவற்றையும் மூடுங்கள். மூடியபிறகும் சில பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மீடியா என்கோடர், டைனமிக் லிங்க் மேனேஜர் (இரண்டும் அடோபியுடையவை), எஃப்எஃப்எம்பெக் (கட்டளை கொடுத்து வீடியோவை மாற்றும் இலவசக் கருவி) போன்ற பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு எக்ஸ்போர்ட் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். ஓடவில்லை, பெயர் மட்டும் நிற்கிறது என்றால் எண்ட் டாஸ்க் கொடுக்கலாம்.

அப்புறம், இப்போது டிரைவில் எவ்வளவு காலி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் பக்கத்தில் புதிய எண்ணை எழுதினால் எந்த இடத்தில் எவ்வளவு கிடைத்தது என்று தெரியும். அடுத்த முறை நேராக அங்கே போகலாம்.

படி 2: எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்

ஊகித்துத் தேடாதீர்கள். விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ போன்ற இலவசக் கருவிகளில் ஒன்றை ஓட்டினால், முழு டிரைவையும் அளவு வாரியாக அடுக்கிக் காட்டும். நான் விஸ்ட்ரீயைத்தான் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவின் ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். லினக்ஸில் டிஸ்க் யூசேஜ் அனலைசர் இருக்கிறது. மேக்கில் கிராண்ட் பெர்ஸ்பெக்டிவ் நன்றாக வேலை செய்யும்.

பட்டியலில் முதல் இருபது ஃபைல்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றின் பெயர், எந்த ஃபோல்டர், கடைசியாக எழுதப்பட்ட தேதி. தேதி முக்கியம். கம்ப்யூட்டர் நின்றுபோன நாளும் நேரமும் உங்களுக்கு நினைவிருந்தால், அதே நேரம் காட்டும் பெரிய ஃபைல்தான் பெரும்பாலும் குற்றவாளி.

படி 3: எக்ஸ்போர்ட் ஃபோல்டரில் கிடக்கும் அரைகுறை ஃபைல்கள்

பிரீமியரும் மீடியா என்கோடரும் பாதியில் நின்றால், நீங்கள் படத்தைச் சேமிக்கச் சொன்ன அதே ஃபோல்டரில் எம்4வி, ஏஏசி, எக்ஸ்எம்பிசெஸ் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். படம், ஒலி, விவரக்குறிப்பு என்று இவை மூன்றும் ஒரே வேலையின் துண்டுகள். முழுப்படம் வேறாக எக்ஸ்போர்ட் ஆகி, அதைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மூன்றையும் நீக்கலாம்.

முழுப்படம் இன்னும் கையில் இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த எம்4வியை விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். பல நேரங்களில் நின்ற இடம்வரை படம் நன்றாக இருக்கும். சேர்க்கும் வேலையில் மட்டும்தான் தடங்கல் என்றால் அதில் முழுப்படமும் இருக்கும். படத்தையும் ஒலியையும் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே சேர்க்க எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகளால் முடியும், சில நிமிட வேலைதான். ஆறு மணி நேரம் ரெண்டர் ஆனதை (கம்ப்யூட்டர் கணக்கிட்டு எழுதிய படத்தை) 20 ஜிபிக்காக அவசரப்பட்டு நீக்கிவிட்டு மறுபடி ஆறு மணி நேரம் உட்கார வேண்டாம்.

அரைகுறை எம்பி4 கதை வேறு. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூவ் என்ற பகுதி வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன்பே நின்றுபோன எம்பி4, அளவில் 10 ஜிபி இருந்தாலும் எந்தப் பிளேயரிலும் ஓடாது. ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் கருவியிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது பாதியில் நின்றது என்றால், மூலப்படம் பத்திரமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கிவிடலாம். எம்பி4க்குப் பதில் எம்கேவி என்ற வடிவத்தில் எழுதியிருந்தால் நின்ற இடம்வரை ஓடும்.

ஒரு எச்சரிக்கை. கேமரா கார்டிலிருந்து வந்த எம்பி4 ஓடவில்லை என்பதற்காக அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சடங்கின் ஒரே பதிவாக இருக்கலாம். உடைந்த கேமரா ஃபைலைச் சரிசெய்யும் வழிகள் தனியாக இருக்கின்றன.

படி 4: பிரீமியரின் கேஷ்

இதை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாகக் கையால் நீக்குவதைவிட சாஃப்ட்வேருக்குள்ளிருந்தே நீக்குவது நல்லது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற தன் குறிப்பையும் அது சேர்த்தே திருத்திக்கொள்ளும்.

பிரீமியரைத் திறங்கள், ஆனால் எந்த ப்ராஜெக்டையும் திறக்காதீர்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் மீடியா கேஷ். அங்கே டிலீட் பட்டனை அழுத்தினால் இரண்டு வழிகள் கேட்கும்: பயன்படாதவற்றை மட்டும் நீக்குவது, எல்லாவற்றையும் நீக்குவது. ப்ராஜெக்ட் திறந்திருந்தால் இரண்டாவது வழி கிடைக்காது, மூடியே வைக்கச் சொன்னது அதற்குத்தான். நாளைக்கு டெலிவரி இருக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நீக்கினால் எதுவும் கெடாது, ஆனால் ப்ராஜெக்டைத் திறந்ததும் எல்லா ஒலியையும் மறுபடி விரித்து எழுதும். பெரிய கல்யாணம் என்றால் அதற்கே நிறைய நேரம் போய்விடும்.

அதே பக்கத்தில், இத்தனை நாளுக்கு மேல் பழைய கேஷைத் தானாகவே நீக்கு என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. நான் 30 நாள் வைத்திருக்கிறேன். கேஷ் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதையும் இங்கேதான் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது சி டிரைவில், உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன் என்று ஆழத்தில் போய் உட்காரும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. டி டிரைவில் 200 ஜிபி காலி இருக்கும்போதே எக்ஸ்போர்ட் இடமில்லாமல் நிற்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, நிறைந்திருப்பது சி டிரைவ்தான்.

அடுத்தது பிரிவியூ ஃபைல்கள். டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பகுதி) சிவப்புக் கோடு பச்சையாக மாறும்படி ரெண்டர் செய்தால் உண்டாகுபவை. ப்ராஜெக்டைத் திறந்து, சீக்வென்ஸ் மெனுவில் டிலீட் ரெண்டர் ஃபைல்ஸ் கொடுத்தால் போய்விடும். டெலிவரி முடிந்த ப்ராஜெக்ட்களுக்கு இதைத் தயங்காமல் செய்யலாம்.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்திலேயே, பிரிவியூ ஃபோல்டரைப் போலவே அடோபி பிரீமியர் புரோ என்று தொடங்கும் பெயரில் வேறு இரண்டு ஃபோல்டர்கள் இருக்கலாம். ஒன்று ஆட்டோ சேவ், உங்கள் ப்ராஜெக்டின் பழைய பிரதிகள். அளவு மிகக் குறைவு, நீக்கி ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று கேப்சர்ட் ஆடியோ. பிரீமியருக்குள்ளேயே மைக் வைத்துப் பேசிப் பதிவு செய்த குரல் வழக்கமாக இதில்தான் போய் விழும். மூன்றின் பெயரும் ஒரே மாதிரி தொடங்குவதால் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, பிறகு குரல் போச்சே என்று தவித்தவரை எனக்குத் தெரியும். அந்தக் குரல் ஒரு தாத்தா தன் பேத்திக்குச் சொன்ன ஆசீர்வாதம். அதைக் கம்ப்யூட்டரால் மறுபடி உண்டாக்க முடியாது.

அடோபியின் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் பயன்படுத்துகிறவர்கள் அதற்குள் தனியாகப் போக வேண்டும். பிரிஃபரன்சஸில் மீடியா அண்ட் டிஸ்க் கேஷ், அதில் எம்ப்டி டிஸ்க் கேஷ்.

படி 5: டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறவர்களுக்கு

இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரான ரிசால்வின் கேஷ், கேஷ் கிளிப் என்ற ஃபோல்டரில் சேரும். பிரிஃபரன்சஸில் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலாவதாக எந்த டிரைவ் இருக்கிறதோ அதில்தான் வழக்கமாக எழுதும். அதனால் பட்டியலின் வரிசையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீக்குவதற்கு, ப்ராஜெக்டைத் திறந்து பிளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேஷ். எல்லாம், பயன்படாதவை, தேர்ந்தெடுத்தவை என்று மூன்று வழி உண்டு. இது அந்த ஒரு ப்ராஜெக்டுக்கு மட்டும்தான்.

கேஷ் கிளிப் ஃபோல்டருக்குப் பக்கத்தில் கேலரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் எடுத்து வைத்த ஸ்டில்களும் அவற்றோடு சேர்ந்த கலர் வேலையும் அதில் இருக்கின்றன. அதைத் தொடாதீர்கள்.

படி 6: டெம்ப் ஃபோல்டரும் இரண்டு பாஸ் பதிவுகளும்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் டெம்ப் என்று, முன்னும் பின்னும் சதவீதக் குறியோடு, இடைவெளி விடாமல் அடித்து என்டர் கொடுத்தால் உங்கள் தற்காலிக ஃபோல்டர் திறக்கும். அளவு வாரியாக அடுக்கிப் பெரியவற்றையும் பழையவற்றையும் நீக்குங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று ஏதாவது ஒன்றுக்குச் சொன்னால் விட்டுவிட்டு, ரீஸ்டார்ட் செய்தபிறகு மறுபடி பாருங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகவும் இதைச் செய்யலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் ஒரு வரியாக இருக்கும். அதில் டிக் போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பாட்டும் புகைப்படமும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு பாஸ் முறையில், அதாவது படத்தை முதலில் ஒருமுறை அலசிவிட்டு இரண்டாம் முறை எழுதும்படி, என்கோட் செய்கிறவர்கள் ஒன்றைத் தேட வேண்டும். முதல் பாஸில் ஒரு பதிவு ஃபைலும், அதே பெயரோடு எம்பிட்ரீ என்று முடியும் இன்னொன்றும் உண்டாகும். முதலாவது சிறியது. இரண்டாவது 1080 அளவுப் படத்தில் ஃப்ரேமுக்கு 16 கேபி வரை எழுதக்கூடியது, அதனால் நீண்ட படத்துக்கு ஒரு ஜிபியையும் தொட்டுவிடும். வேலை முடிந்தபின்னும் இவை தானாகப் போகாது. கட்டளையை எந்த ஃபோல்டரில் நின்று கொடுத்தீர்களோ அங்கேயே இருக்கும். இரண்டாம் பாஸ் முடிந்துவிட்டால் இவற்றால் எந்தப் பயனும் இல்லை.

படி 7: நீக்கியும் இடம் திரும்பவில்லை என்றால்

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. முதல் காரணம் ரீசைக்கிள் பின். ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக இருக்கும், காலி செய்யும்வரை இடம் திரும்பாது. வெளி ஹார்ட் டிஸ்கை மேக்கில் போட்டு அழித்தால், அழித்தவை அந்த டிஸ்கிலேயே மறைந்த ஃபோல்டர் ஒன்றில் இருக்கும். டிஸ்கைக் கழற்றுவதற்கு முன் மேக்கின் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் உண்மையில் போகும்.

மேக்கில் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதியைப் போட்டிருந்தால், நீக்கிய ஃபைல் உள்ளூர்ப் பிரதியில் 24 மணி நேரம்வரை இருக்கலாம். இடம் தேவைப்படும்போது மேக்கே அதை விடுவித்துவிடும், பயப்பட வேண்டியதில்லை. மேக்கின் எடிட்டிங் சாஃப்ட்வேரான ஃபைனல் கட் புரோவின் ரெண்டர் ஃபைல்களுக்கு, லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் டிலீட் ஜெனரேட்டட் லைப்ரரி ஃபைல்ஸ் கொடுங்கள். லினக்ஸில் வேறு ஒரு காரணம். ஒரு ப்ரோக்ராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை நீக்கினால் பெயர் மறைந்துவிடும், இடம் மட்டும் திரும்பாது. அந்த ப்ரோக்ராமை மூடியதும் வரும்.

ஒரு ஃபோல்டர் தேவையா இல்லையா என்று முடிவு செய்ய முடியவில்லையா? நீக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள். பெயருக்குப் பின்னால் பழையது என்று சேர்த்துவிட்டு, ப்ராஜெக்டைத் திறந்து முழு டைம்லைனையும் ஓட்டிப் பாருங்கள். எந்த கிளிப்பும் காணவில்லை என்று கேட்காவிட்டால் அப்போது நீக்கலாம். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

இனி இப்படி ஆகாமல் இருக்க

கேஷுக்கென்று தனி எஸ்எஸ்டி வைப்பது மிகச் சிறந்தது. முடியாவிட்டால் டி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று திறந்து, பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ரிசால்வ் எல்லாவற்றின் கேஷையும் அதற்குள் போகும்படி அமைத்துவிடுங்கள். அதில் இருப்பது எல்லாமே மறுபடி உண்டாகக்கூடியவை என்று தெரிந்தால், சாஃப்ட்வேருக்குள் போய் யோசிக்காமல் நீக்கலாம். நாமே எழுதும் இடைநிலை ஏவிஐ, புரோரெஸ் ஃபைல்களையும் அங்கேயே, பெயரில் தேதி போட்டு வையுங்கள். ஃபுட்டேஜ் பக்கத்தில் அவற்றைக் கலக்கவே கூடாது.

எக்ஸ்போர்ட் போடும் முன், படம் எவ்வளவு வரும் என்று சாஃப்ட்வேர் காட்டும் உத்தேச அளவைப் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு காலி இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்போர்ட் போகும் டிரைவில் மட்டுமல்ல, கேஷ் இருக்கும் டிரைவிலும் பாருங்கள்.

யுபிஎஸ் பேட்டரியை நான் அந்த வாரமே மாற்றினேன். அந்த இரவு, மூன்று எம்4வியில் 18 ஜிபி ஃபைலில் முழுப்படமும் இருந்தது. மற்ற இரண்டையும் நீக்கி, இதையும் ஒலியையும் சேர்த்து எம்பி4 ஆக்கியபோது மணி 12.20. பெண் வீட்டார் காலை ஒன்பது மணிக்கு வந்து பென்டிரைவை வாங்கிப் போனார்கள்.